மழைமானிக்குத் தெரியாத வறட்சி

கல்வராயன் மலைச் சரிவில் சாமை விதைத்தவருக்கு எத்தனை சென்டிமீட்டர் மழை பெய்தது என்பதைவிட, அதில் எவ்வளவு மண்ணில் தங்கியது என்பதுதான் முக்கியம். ஒரே நாளில் கொட்டித் தீர்த்த மழையில் பெரும்பகுதி ஓடைகளில் இறங்கி கோமுகி அணைக்குப் போய்விடும். வேருக்கு மிஞ்சுவது கொஞ்சம்தான்.

அந்த மிச்சம் இன்னும் முப்பது, ஐம்பது ஆண்டுகளில் என்னவாகும் என்று கணக்கிடப் பயன்படுவது பிராந்தியக் காலநிலை மாடல். உலக மாடல்கள் பூமியைப் பெரும்பாலும் நூறு கிலோமீட்டரையொட்டிய கட்டங்களாகப் பிரிக்கின்றன. பிராந்திய மாடல், அவற்றிடமிருந்து எல்லைக் காற்றையும் ஈரத்தையும் வெப்பத்தையும் வாங்கிக்கொண்டு, உள்ளே நுணுக்கமாகக் கணக்குப் போடும். பிரிட்டனின் ஹேட்லி மையம் உருவாக்கிய 'பிரெசிஸ்' மாடலைக் கொண்டு, அண்ணா பல்கலைக்கழகம் தமிழகத்துக்கு 25 கிலோமீட்டர் கட்டங்களில் கணித்திருக்கிறது.

மாடலுக்குள் மண் அடுக்கடுக்காக இருக்கும். சில நிமிடங்களுக்கு ஒருமுறை மாடல் அதன் ஈரத்துக்கு வரவு செலவு பார்க்கும்: மழை வரவு, ஆவியாவது, பயிர் குடிப்பது, சரிந்தோடுவது, ஆழத்தில் இறங்குவது எல்லாம் செலவு. மீதி அடுத்த கணக்கின் தொடக்க இருப்பு. வெப்பம் கூடினால் செலவு கூடும். ஆகவே மழை குறையாமலேயே மண் வறளலாம். மழையை மட்டும் பார்த்து வறட்சியை அளப்பவர்கள் கோட்டைவிடுவது இங்கேதான்.

2016இல் வடகிழக்குப் பருவமழை அறுபது சதவீதத்துக்கு மேல் பொய்த்தது. 2017 ஜனவரியில் தமிழகம் முழுவதும் வறட்சி அறிவிக்கப்பட்டது. இப்படி ஒரு வருஷத்தைப் பெயர் சொல்லிக் காட்டும்படி மாடலிடம் கேட்கக் கூடாது. முப்பது ஆண்டில் அப்படிப்பட்ட வருஷங்கள் பெருகுமா, அருகுமா என்று கேட்கலாம்.

மலைதான் மாடலுக்குச் சிக்கல். ஒரு கட்டம் 625 சதுர கிலோமீட்டர். கல்வராயன் மலைமேல் உள்ள வெள்ளிமலையும் அடிவாரச் சமவெளியும் ஒரே கட்டத்தில் விழுந்தால், மாடல் இரண்டுக்கும் நடுவே ஒரு சராசரி உயரத்தை வைத்துக்கொள்ளும். சரிவின் ஆழமில்லாத சரளை மண்ணும் பள்ளத்து வண்டலும் அதற்கு ஒன்றே. அது சொல்லும் ஈர அளவை அப்படியே நம்பிச் சாமை விதைக்க முடியாது. மாற்றம் எந்தத் திசையில் என்பதற்கு மட்டும் செவிகொடுக்கலாம். மண் ஈரத்தை அளக்க 2015 முதல் சுற்றிவரும் நாசாவின் 'ஸ்மாப்' செயற்கைக்கோளும் மேல் 5 சென்டிமீட்டர் மண்ணைத்தான் உணர்கிறது.

அதற்குக் கீழே அறியத் தோண்டத்தான் வேண்டும். வேர் ஆழத்தில் மண்ணெடுத்து, எடை போட்டு, 105 டிகிரி சூட்டடுப்பில் ஒரு நாள் உலர்த்தி, மீண்டும் எடை போட வேண்டும். எடையில் குறைந்தது எவ்வளவோ, அவ்வளவும் நீர். கட்டத்தை இன்னும் சிறிதாக்கக் கணினிக்குச் செலவழிப்பதைவிட, வெள்ளிமலையில் நாலைந்து கொல்லைகளில் மாதந்தோறும் இதைச் செய்து பதிந்துவைப்பது மாடலுக்கு அதிகம் உதவும் என்பது என் எண்ணம். தொடங்கினால் பத்து வருஷமாவது விடாமல் செய்ய வேண்டும்.