கைப்பையில் இரண்டு பாஸ்போர்ட்!

பெண்ணுக்குப் பிறந்த வீடு, புகுந்த வீடு என்று இரண்டு உண்டு. தேசங்கள் விஷயத்திலும் அப்படி உண்டு, தெரியுமா? உலகத்தில் பல லட்சம் பேர் ஒரே சமயத்தில் இரண்டு நாட்டுப் பிரஜைகளாக இருக்கிறார்கள். பிரயாணம் கிளம்பினால் கைப்பையில் இரண்டு பாஸ்போர்ட்! "அடேயப்பா, என்ன சௌகரியம்!" என்பீர்கள். சௌகரியம் உண்டுதான். கூடவே ஒரு சங்கடமும் உண்டு.

யாழ்ப்பாணத்தில் பிறந்து, கனடாவில் டொரண்டோ நகரில் குடியேறிய ஒரு சகோதரியை எடுத்துக் கொள்வோம். வேறு நாட்டுப் பிரஜையாகிவிட்டால் இலங்கைப் பிரஜா உரிமை போய்விடும் என்பதே பழைய சட்டம். 1987-ல் அதைத் திருத்தி, விண்ணப்பித்து அனுமதி பெறுகிறவர்கள் இரண்டையும் வைத்துக் கொள்ளலாம் என்றார்கள். கனடாவோ 1977 முதலே இதை ஆட்சேபிப்பதில்லை.

இந்தச் சகோதரி தம்பியின் கல்யாணத்துக்காகக் கொழும்புக்குப் புறப்படுகிறாள். எந்தப் பாஸ்போர்ட்டை எங்கே நீட்டுவது? விதி சுலபமானது. எந்த வீட்டு வாசலில் நிற்கிறோமோ, அந்த வீட்டுச் சாவியை எடுக்க வேண்டும்.

கொழும்பில் இறங்கியதும் இலங்கைப் பாஸ்போர்ட். விசா வேண்டாம், இத்தனை நாளில் திரும்பிவிட வேண்டும் என்ற கெடுவும் கிடையாது. ஊர் திரும்பும்போதும் அங்குள்ள அதிகாரியிடம் அதையே காட்ட வேண்டும். கனடாப் பாஸ்போர்ட்டை நீட்டினால், "இந்த அம்மாள் எப்போது உள்ளே வந்தாள்?" என்று அவர் விழிப்பார். அதில் வந்ததற்கான முத்திரையே இராதே!

ஆனால் விமானக் கம்பெனிக்காரர் கேட்பது வேறு: "கனடாவுக்குள் உங்களை விடுவார்களா?" அங்கேதான் கனடாப் பாஸ்போர்ட் வெளியே வரவேண்டும். 2016 நவம்பர் முதல், இரட்டைப் பிரஜைகள் கனடாப் பாஸ்போர்ட் இல்லாமல் கனடாவுக்கு விமானம் ஏற முடியாது. அமெரிக்கப் பாஸ்போர்ட் உள்ளவர்களுக்கு மட்டும் விலக்கு. அமெரிக்காவும் தன் பிரஜைகள் தன் பாஸ்போர்ட்டிலேயே வந்து போக வேண்டும் என்கிறது. ஆகவே இரண்டும் காலாவதியாகாமல் இருக்கிறதா என்று டிக்கெட் வாங்குமுன் பார்த்துவிடுவது நல்லது.

பெண்களுக்கு இன்னொரு தொல்லை, பெயர். ஒரு பாஸ்போர்ட்டில் தகப்பனார் பெயர். மற்றதில் கணவர் பெயர். இருவரும் ஒருத்திதான் என்று யார் நம்புவது? விவாகப் பதிவுச் சான்றிதழின் நகல் ஒன்று கைப்பையில் இருந்தால் வாய் வலிக்காது.

இனிச் சங்கடத்தைச் சொல்கிறேன். நாஸனின் ஸகாரி ராட்கிளிஃப் என்ற மாதுக்கு ஈரான் பிறந்த வீடு. பிரிட்டன் புகுந்த வீடு. 2016-ல் பாரசீகப் புத்தாண்டுக்காக, இரண்டு வயது நிரம்பாத பெண் குழந்தையுடன் தாய் தகப்பனைப் பார்க்கப் போனார். ஏப்ரல் 3-ந் தேதி திரும்பும்போது டெஹ்ரான் விமான நிலையத்தில் அவரைக் கைது செய்தார்கள். குழந்தையின் பிரிட்டிஷ் பாஸ்போர்ட்டையும் வாங்கி வைத்துக் கொண்டார்கள். பிரிட்டிஷ் அதிகாரிகள் அவரைச் சந்திக்கவே ஈரான் இடம் கொடுக்கவில்லை. "இவர் எங்கள் பிரஜை, உங்களுக்கு என்ன வேலை?" என்பதே அதன் நிலை. பாட்டி வீட்டில் வளர்ந்த குழந்தை 2019-ல்தான் லண்டனில் தகப்பனாரிடம் சேர்ந்தது. தாய் வீடு திரும்பியது 2022 மார்ச்சில். ஏறக்குறைய ஆறு வருஷம்!

இரட்டைப் பிரஜா உரிமையை ஈரான் ஒப்புக் கொள்வதில்லை. ஒப்புக் கொள்ளும் நாடுகளிலும் பிறந்த வீட்டில் வம்பு வந்தால் புகுந்த வீட்டார் வந்து கேட்பது கடினம். ஒரு நாட்டின் பிரஜைக்காக அந்த நாட்டிடமே மற்ற நாடு வழக்காட முடியாது என்று 1930-ல் ஹேக் நகரில் செய்த ஒப்பந்தமே சொல்கிறது.

"அமெரிக்காவில் இருக்கும் எங்கள் பிள்ளைக்கு?" என்று கேட்பீர்கள். இந்தியா இரட்டைப் பிரஜா உரிமை தருவதில்லை. 1955-ஆம் வருஷத்துச் சட்டப்படி, தானாக விரும்பி வேறு நாட்டுப் பிரஜையானவர் அப்போதே இந்தியப் பிரஜை அல்ல. பழைய பாஸ்போர்ட்டை ஒப்படைத்துவிட வேண்டும். 2005-ல் சட்டமாகிய ஓ.ஸி.ஐ. அட்டை இரண்டாவது பாஸ்போர்ட் அல்ல. ஆயுள் முழுவதும் வந்து போகலாம். ஆனால் ஓட்டுப் போட முடியாது, விவசாய நிலம் வாங்க முடியாது. அட்டையோடு அந்த நாட்டுப் பாஸ்போர்ட்டும் கையில் இருந்தாக வேண்டும்.

இதில் மனத்தாங்கல் உள்ளவர்கள் உண்டு. ஆனால் ஒரு லாபமும் இருக்கிறது. அந்தப் பேரன் இங்கே ஏதாவது சிக்கலில் மாட்டிக் கொண்டால், அவனுக்காக வந்து விசாரிக்க அமெரிக்கத் தூதரகத்துக்குப் பாத்தியதை உண்டு. இரண்டு சாவி வைத்திருக்கிறவர்களுக்குப் பிறந்த வீட்டில் அந்தத் துணை நிச்சயமில்லை. பிரயாணம் கிளம்புமுன் இதை அறிந்து வைத்திருப்பது நல்லது, அல்லவா?