தேய்ந்த டயர் சொல்வது என்ன?

சென்ற கோடையில் மதுரையிலிருந்து சென்னைக்குக் காரில் வந்துகொண்டிருந்தேன். விழுப்புரத்தை நெருங்கும்போது தேநீர் அருந்த நிறுத்திய இடத்தில் ஒரு பஞ்சர் கடை இருந்தது. காற்றழுத்தத்தைப் பார்த்துவிடலாம் என்று கேட்டேன். அங்கிருந்த இளைஞர் முன்புற இடது டயரின் உட்பக்கமாகக் கையை விட்டுத் தடவியவர், "சார், கொஞ்சம் இறங்கி வந்து பாருங்க" என்றார். ஸ்டியரிங்கை ஒரு பக்கமாக முழுவதும் திருப்பிக் காட்டினார். வெளியிலிருந்து பார்த்தால் புதிதுபோல் தெரிந்த அந்த டயரின் உள்விளிம்பில் ரப்பரே இல்லை. கம்பி வெளியே தெரிந்தது. அந்த டயரோடு, மணிக்கு நூறு கிலோமீட்டர் வேகத்தில், குடும்பத்தினர் நால்வரை அமர்த்திக்கொண்டு அதுவரை நான் வந்திருந்தேன்.

அந்த டயரை வாங்கி 14 மாதங்கள்தான் ஆகியிருந்தன. முந்தைய டயரும் அதே இடத்தில், அதே உள்விளிம்பில்தான் தேய்ந்திருந்தது. அப்போது நான் டயரை மாற்றினேனே தவிர, அது ஏன் அப்படித் தேய்ந்தது என்று கேட்கவில்லை. காய்ச்சலுக்கு மருந்து தந்துவிட்டுக் காய்ச்சலின் காரணத்தைத் தேடாமல் விடுவதைப் போன்ற பிழை இது. கார் வைத்திருக்கும் நம்மில் பெரும்பாலோர் இதே பிழையைச் செய்கிறோம்.

ஒரு கார் சாலையைத் தொடும் இடங்கள் நான்கே நான்கு. ஒவ்வொன்றும் ஏறத்தாழ ஓர் உள்ளங்கை அளவுதான். பிரேக் பிடிப்பதும், வளைவில் திரும்புவதும், மழைநீரில் வழுக்காமல் நிற்பதும் அந்த நான்கு உள்ளங்கைகளை நம்பியே நடக்கின்றன. ஆகவே டயரின் தேய்மானம் பணச்செலவு சார்ந்த கேள்வி மட்டுமன்று.

சட்டமும் அப்படித்தான் பார்க்கிறது. 2010-இல் மகாராஷ்டிரத்தில் டயர் வெடித்துக் கார் பள்ளத்தில் கவிழ்ந்து ஒருவர் உயிரிழந்தார். டயர் வெடிப்பு 'இறைவன் செயல்' என்ற வாதத்தை 2023-இல் மும்பை உயர் நீதிமன்றம் ஏற்கவில்லை. டயரின் நிலையைப் பயணத்துக்கு முன் சரிபார்ப்பது வாகனத்தை வைத்திருப்பவரின், ஓட்டுபவரின் கடமை. வெடிப்புக்குப் பின்னால் மனிதரின் கவனக்குறைவு இருக்கிறது என்பதே அத்தீர்ப்பின் சாரம்.

அந்தக் கவனத்தைச் செலுத்தப் பெரிய பொறியியல் அறிவு தேவையில்லை. டயர் எந்த இடத்தில், எந்த வடிவில் தேய்ந்திருக்கிறது என்பதைப் படிக்கத் தெரிந்தால் போதும். வடிவம்தான் காரணத்தைச் சொல்கிறது.

டயரின் நடுப்பகுதி மட்டும் தேய்ந்து இரு ஓரங்களும் நன்றாக இருந்தால், காற்று அளவுக்கு மிகுதியாக அடிக்கப்பட்டிருக்கிறது. இரு ஓரங்களும் தேய்ந்து நடுப்பகுதி நன்றாக இருந்தால், காற்று குறைவு. இவற்றில் பின்னதே ஆபத்து மிகுந்தது. கோடையில் சாலை சூடாக இருக்கும், காற்றைக் குறைத்து வைத்தால் வெடிக்காது என்ற நம்பிக்கை நம்மிடையே வேரூன்றியிருக்கிறது. உண்மை இதற்கு நேர்மாறானது. காற்று குறைந்த டயரின் பக்கச்சுவர் ஒவ்வொரு சுற்றிலும் கூடுதலாக மடங்கி நிமிர்கிறது. அந்த மடக்கமே வெப்பத்தை உண்டாக்குகிறது. அந்த வெப்பம் டயரின் அடுக்குகளைப் பிரிக்கிறது. சரியான அளவு எவ்வளவு என்பது ஓட்டுநர் பக்கக் கதவின் சட்டத்திலோ, கையேட்டிலோ அச்சிடப்பட்டிருக்கும். அதை ஓட்டத்துக்கு முன், டயர் குளிர்ந்திருக்கும்போது பார்க்க வேண்டும்.

உள்விளிம்பு அல்லது வெளிவிளிம்பு என ஒரு பக்கம் மட்டும் தேய்ந்திருந்தால், சக்கரம் நிற்கும் கோணத்தில் கோளாறு. அடுத்தது, கண்ணுக்குத் தெரியாமல் கைக்கு மட்டும் தெரிவது. பணிமனைகளில் 'பட்டன்' என்று சொல்லும் ரப்பர் கட்டைகளின் மேல் உள்ளங்கையைக் குறுக்குவாட்டில் தடவிப் பாருங்கள். ஒரு திசையில் வழவழப்பாகவும், எதிர்த்திசையில் ரம்பப்பல் போலவும் உறுத்தினால், சக்கரம் நேராக உருளாமல் பக்கவாட்டில் தேய்த்துக்கொண்டு ஓடுகிறது என்று பொருள். டயரைச் சுற்றி ஆங்காங்கே குழிகுழியாகத் தேய்ந்திருந்தால், ஷாக் அப்சார்பர் வலுவிழந்து சக்கரம் சாலையில் குதித்துக் குதித்து ஓடுகிறது. சக்கரத்தின் எடைச் சமநிலை கெட்டிருக்கவும் கூடும். ஒரே ஓரிடம் மட்டும் தட்டையாகத் தேய்ந்திருந்தால், சக்கரம் சுழலாமல் இழுபடும்படி எப்போதோ பிரேக் அழுத்தப்பட்டிருக்கிறது.

இனி, 'வீல் அலைன்மென்ட்' என்று நாம் சொல்லும் கோணங்களுக்கு வருகிறேன். அவற்றுள் முக்கியமானவை மூன்று. காரை மேலிருந்து பார்த்தால் இரு சக்கரங்களும் ஒன்றுக்கொன்று இணையாக இருக்கின்றனவா, முன்பக்கம் உள்நோக்கியோ வெளிநோக்கியோ திரும்பியிருக்கின்றனவா என்பது 'டோ'. முன்னால் நின்று பார்த்தால் சக்கரம் நிமிர்ந்து நிற்கிறதா, உட்பக்கமோ வெளிப்பக்கமோ சாய்ந்திருக்கிறதா என்பது 'கேம்பர்'. பக்கவாட்டில் நின்று பார்த்தால் சக்கரம் திரும்பும் அச்சு பின்னோக்கி எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்பது 'காஸ்டர்'. காஸ்டர் பிழையால் டயர் அவ்வளவாகத் தேயாது. ஆனால் இரு பக்கமும் அது சமமாக இல்லையென்றால் கார் ஒரு பக்கம் இழுக்கும்.

டயரை வேகமாகத் தின்பது டோ பிழைதான். ஒரு சிறு கணக்கு போட்டுப் பார்க்கலாம். ஒரு சக்கரம் தான் செல்லும் திசையிலிருந்து அரை டிகிரி விலகி நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். கண்ணால் கண்டுபிடிக்கவே முடியாத விலகல் அது. ஆனால் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் அந்த டயர் ஏறத்தாழ 8.7 மீட்டர் பக்கவாட்டில் இழுபடுகிறது. 10,000 கிலோமீட்டர் ஓடினால் 87 கிலோமீட்டர்! சக்கரம் உருளாமல், தார்ச்சாலை என்னும் உப்புத்தாளில் ரப்பரை வைத்துத் தேய்த்த தூரம் இது. என் டயரில் கம்பி தெரிந்ததில் வியப்பென்ன?

அலைன்மென்டையும் பேலன்சிங்கையும் ஒன்றாக நினைத்துக் குழப்பிக்கொள்வோர் பலர். குறிப்பிட்ட ஒரு வேகத்தில், பெரும்பாலும் 80 கிலோமீட்டரைத் தாண்டும்போது, ஸ்டியரிங் அதிர்கிறது என்றால் அது பேலன்சிங் கோளாறாக இருக்க வாய்ப்பு அதிகம். சக்கரத்தின் விளிம்பில் சிறு எடைகளைப் பொருத்தி அதைச் சரிசெய்வார்கள். நேரான சாலையில் ஸ்டியரிங் கோணலாக நின்றாலோ, கையை லேசாகத் தளர்த்தியதும் கார் ஒரு பக்கம் ஓடினாலோ அலைன்மென்டைச் சந்தேகிக்க வேண்டும். ஆனால் நம் சாலைகள் மழைநீர் வடிவதற்காக ஓரம் நோக்கிச் சரிந்திருப்பதால், இடப்புறமாக மெல்ல நகர்வது இயல்பே. முன்புற டயர்கள் இரண்டையும் இடம் மாற்றிப் போட்டதும் இழுப்பு திசை மாறினால், குற்றம் டயருடையது; கோணத்துடையது அன்று.

இந்தக் கோணங்கள் எப்படிக் கெடுகின்றன? வண்ணம் பூசாத வேகத்தடையில் ஏறி விழுந்ததும், மழைநீர் மூடிய பள்ளத்தில் இறங்கியதும், நடைபாதையின் விளிம்பில் மோதியபடி நிறுத்தியதும் நாம் மறந்துபோகும் நிகழ்ச்சிகள். சஸ்பென்ஷன் மறப்பதில்லை. அதன் புஷ்கள் கிழிகின்றன. பால் ஜாயின்ட்டும் டை ராட் முனையும் ஆடத் தொடங்குகின்றன. என் காரில் நேர்ந்தது இதுவே. புதிய டயர் பொருத்திய கடையில் அலைன்மென்ட் செய்ததாகப் பணம் வாங்கினார்கள். ஆனால் கீழ்ப்புறத் தாங்குகையின் புஷ் கிழிந்திருந்ததை யாரும் பார்க்கவில்லை. நிற்கும்போது சரியாக வைக்கப்பட்ட கோணம், ஓடும்போதும் பிரேக் பிடிக்கும்போதும் மாறிக்கொண்டே இருந்திருக்கிறது. ஆடும் பல்லின் மேல் தங்க உறை போட்டதைப் போலத்தான் அந்த அலைன்மென்ட். சென்னை வந்து, தேய்ந்த புஷ்ஷை மாற்றிய பிறகுதான் கோணத்தை அளக்கவே ஒப்புக்கொண்ட ஒரு மெக்கானிக்கிடம் இதைக் கற்றுக்கொண்டேன்.

ஆகவே வரிசை முக்கியம். முதலில் காற்றழுத்தம், அடுத்து சஸ்பென்ஷன் உறுப்புகளில் ஆட்டம் இருக்கிறதா என்ற சோதனை, கடைசியாகத்தான் அலைன்மென்ட். இந்த வரிசையைக் கடையில் கேட்டுப் பெறுவது நம் உரிமை. கணினி இயந்திரத்தில் அளந்தால், சரிசெய்யும் முன்பும் பின்பும் இருந்த அளவுகள் தாளில் அச்சாகும். அந்தத் தாளைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். நம் நாட்டில் ஓடும் சிறிய கார்கள் பலவற்றில் முன்புற டோ மட்டுமே திருகித் திருத்தக்கூடியது. கேம்பரைத் திருத்த வழியே வைத்திருக்க மாட்டார்கள். அத்தகைய காரில் கேம்பர் மாறியிருந்தால் ஏதோ ஓர் உறுப்பு வளைந்திருக்கிறது அல்லது தேய்ந்திருக்கிறது என்றே பொருள். அதை மாற்றாமல், ஜாக்கி கொண்டு நெம்பி வளைத்துக் 'கேம்பர் சரிசெய்துவிட்டோம்' என்று சொல்லும் கடைகளும் உண்டு. உடன்படாதீர்கள்.

சட்டப்படி காரின் டயரில் குறைந்தது 1.6 மில்லிமீட்டர் ஆழத்துக்குப் பள்ளங்கள் இருக்க வேண்டும். அந்த அளவைக் காட்டும் சிறு மேடுகள் பள்ளங்களுக்குள்ளேயே வார்க்கப்பட்டிருக்கும். மேற்பரப்பு அந்த மேட்டின் மட்டத்துக்கு வந்துவிட்டால் டயரின் காலம் முடிந்தது. அதை ஓரிடத்தில் மட்டும் பார்க்காமல் உள், நடு, வெளி என மூன்று இடங்களில் பார்க்க வேண்டும். முன்புற டயருக்கு ஸ்டியரிங்கைத் திருப்பி வைத்தும், பின்புற டயருக்குக் குனிந்து விளக்கடித்தும் பார்க்கலாம். மாதம் ஒரு முறை ஐந்து நிமிடங்கள் போதும்.

சொந்தப் பயன்பாட்டுக் காருக்கு முதல் 15 ஆண்டுகளுக்குத் தகுதிச் சான்று கேட்பார் யாருமில்லை. காப்பீட்டைப் புதுப்பிக்கும்போதும் டயரை எவரும் தடவிப் பார்ப்பதில்லை. பள்ளங்களை மூடுவதும் வேகத்தடைகளுக்கு வண்ணம் பூசுவதும் அரசின் கடமை. அதைக் கேட்டுப் பெற வேண்டியதுதான். ஆனால் அது நடக்கும்வரை நம் டயரின் உள்விளிம்பைப் பார்க்கப்போவது நாம் மட்டுமே. விழுப்புரத்து இளைஞர் அன்று காற்றுக்கான காசை மட்டும்தான் வாங்கிக்கொண்டார். அவர் கையை உள்ளே விட்டுப் பார்த்ததற்கு நான் கொடுத்திருக்க வேண்டிய விலையை இன்றுவரை என்னால் கணக்கிட முடியவில்லை.