மோர்மிளகாயும் பாடக்குறிப்பும்

பங்குனி வெயில் ஏறியதும் எங்கள் மொட்டைமாடியில் மிளகாய் காய ஆரம்பித்துவிடும். பகலெல்லாம் முறத்தில் காயும், பொழுது சாய்ந்ததும் ஊறிய மோர்ச்சட்டிக்கே திரும்பும். மறுநாள் மறுபடி வெயில். சட்டியில் மோர் தீரும்வரை இந்தப் போக்குவரத்து ஓயாது. பாடத்திலிருந்து எப்படிக் குறிப்பெடுப்பது என்று கேட்கும் பிள்ளைகளை நான் மாடிக்குத்தான் கூட்டிப்போவேன்.

உத்திரமேரூர்க் கல்வெட்டுப் பத்தியையே எடுத்துக்கொள்வோம். போட்டித் தேர்வு எழுதுகிறவர்கள் தப்பவே முடியாத பகுதி அது. முதலாம் பராந்தக சோழன் காலத்தில், 921-இல் பொறித்தது; ஊர்ச்சபையின் வாரியங்களுக்கு ஆள் தேர்ந்தெடுத்த விதத்தைச் சொல்வது. ஊரை 30 குடும்புகளாக, அதாவது வார்டுகளாகப் பிரித்து, தகுதியுள்ளவர்களின் பெயரை ஓலையில் எழுதிக் குடத்தில் இட்டு, ஒரு சிறுவனைக் கொண்டு எடுக்கச் செய்தார்கள். வயது 35-க்கு மேல், 70-க்குள். கால் வேலிக்கு மேல் வரி கட்டும் நிலம். சொந்த மனையில் வீடு. முன்பு பொறுப்பில் இருந்து கணக்குக் காட்டாதவருக்கும் அவர் சுற்றத்தாருக்கும் இடமில்லை. பிறகு வாரியங்களின் பெயர்கள் வரிசையாக வரும்.

முதல் வாசிப்பில் பேனாவைத் தொடாதீர்கள். நான் கல்லூரியில் மஞ்சள் மார்க்கரோடு உட்கார்ந்தவன். கடைசியில் கோடு விழாத வரிதான் கண்ணில் பட்டது.

இரண்டாவது வாசிப்பில் கீறல். முழு மிளகாயை அப்படியே மோரில் போட்டால் உப்பு தோலோடு நின்றுவிடும். நுனியில் ஒரு கீறல் இருந்தால்தான் உள்ளே இறங்கும். பத்தியைக் கீறுவது கேள்வி. யாரை உள்ளே விட்டார்கள்? யாரைத் தடுத்தார்கள்? எப்படி எடுத்தார்கள்? எதற்காக எடுத்தார்கள்? கேட்ட மாத்திரத்தில் வாக்கியங்கள் தாமாக நாலு குவியலாகப் பிரியும். நாலாவது கேள்விதான் எனக்குப் பிடித்தது. சம்வத்சர வாரியத்துக்கு 12 பேர், தோட்ட வாரியத்துக்கு 12, ஏரி வாரியத்துக்கு 6. கூட்டினால் 30. குடும்புக்கு ஒருவர்! மூன்று எண்களைத் தனித்தனியாக உருப்போட வேண்டிய வேலையே இல்லை. ஒன்று மறந்தாலும் மற்றவை காட்டிக்கொடுக்கும். வாக்கியத்தை அப்படியே பெயர்த்து எழுதியிருந்தால் இந்தக் கணக்கு கண்ணில் பட்டிருக்காது.

காம்பைக் கிள்ளாதீர்கள். தயிர்சாதத்துக்குக் கடித்துக்கொள்ளும்போது பிடிக்கக் காம்பு வேண்டும். குறிப்புக்கும் அப்படி ஒரு பிடி வேண்டும். கார்னெல் பல்கலைக்கழகத்தில் இருந்த வால்டர் பாக், 1962-இல் வந்த தன் புத்தகத்தில் சொன்ன முறையும் இதுதான்: தாளின் இடப்பக்கம் ஒடுக்கமாக ஒரு பத்தி விட்டு, அதில் கேள்வியோ குறிச்சொல்லோ மட்டும் எழுதுவது. வலப்பக்கம் சரக்கு. நம் தாளில் இடப்பக்கம் ‘தடை யாருக்கு?’, வலப்பக்கம் ‘கணக்குக் காட்டாதவர் + சுற்றம்’. சுருக்கெழுத்து உங்கள் இஷ்டம். ஆறு மாதம் கழித்து உங்களுக்கே புரிந்தால் சரி.

இனிதான் வெயில். வலப்பக்கத்தைக் கையால் மறைத்துக்கொண்டு, இடப்பக்கக் கேள்விக்கு வாய்விட்டுப் பதில் சொல்ல வேண்டும். தடுமாறினால் ராத்திரி மோர், அதாவது மூலப் பத்தியின் அந்த இடத்தை மட்டும் திரும்பப் படிப்பது. இரண்டு நாள் விட்டு மறுபடி வெயில். திரும்பத் திரும்ப வாசித்தால் போதாதா என்று கேட்பார்கள். ராடிகர், கார்ப்பிக் என்ற இரண்டு உளவியலாளர்கள் 2006-இல் இதைச் சோதித்தார்கள். ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது, திரும்ப வாசித்தவர்கள்தான் முந்தினார்கள். ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது நிலைமை தலைகீழ்; பார்க்காமல் நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்களுக்கே கூடுதலாக நினைவிருந்தது. ஊறலில் கிடக்கும் மிளகாய் பார்க்கக் கொழுகொழுவென்றுதான் இருக்கும். காயாமல் டப்பாவில் அடைத்தால்தான் பூஞ்சை.

நண்பனின் குறிப்பை ஜெராக்ஸ் எடுத்து வைத்துக்கொள்கிறவர்கள் கடையில் வாங்கிய பாக்கெட் மோர்மிளகாய்க்காரர்கள். அவசரத்துக்குப் பொரியும், மறுக்கவில்லை. உப்பு எவ்வளவு ஏறியிருக்கிறது என்பது மட்டும் வாயில் வைத்த பிறகே தெரியும்.

நாலைந்து முறை காய்ந்த பிறகு என் உத்திரமேரூர்த் தாளில் பாதி வரிகளுக்கு வேலையே இல்லாமல் போனது. அடித்துவிட்டேன். இப்போது மிஞ்சியிருப்பது இடப்பக்கத்து நாலு கேள்விகளும், மூலையில் 12+12+6 என்ற ஒரு கூட்டலும்.