ஆளைத் தேடாதீர்கள், பூட்டை மாற்றுங்கள்

சூரிச் நகரத்தவரில் பெரும்பாலானோர் வாடகைக் குடியிருப்புகளில்தான் வாழ்கிறார்கள். ஊர்லிகோனிலோ அல்ட்ஸ்டெட்டனிலோ ஒரு மாடிக் கட்டடத்துக்குள் நின்று கைத்தொலைபேசியில் வைஃபை பட்டியலைத் திறந்தால், மேல்வீடு, கீழ்வீடு, எதிர்க்கட்டடம் என்று பத்துப் பதினைந்து பெயர்கள் வந்து நிற்கும். அவர்களுடைய வைஃபை நமக்குத் தெரிகிறதென்றால், நம்முடையதும் அவர்களுக்குத் தெரிகிறது. இந்த நெருக்கத்தில் மாலை நேரம் இணையம் இழுபட ஆரம்பித்ததும் பலருக்கு எழும் முதல் சந்தேகம், யாரோ நம்முடைய வைஃபையில் ஓசியில் ஓடுகிறார்கள் என்பதுதான். அந்த யாரோவைக் கண்டுபிடிக்க ஒரு செயலி, தடுக்க இன்னொரு செயலி என்று வேட்டை தொடங்குகிறது. வேட்டையின் திசையே பிழை என்பதுதான் இக்கட்டுரையின் வாதம். அந்நியரை வெளியேற்ற அவர் யாரென்று தெரிந்திருக்க வேண்டியதில்லை. சாவியை மாற்றிவிட்டு, புதுச் சாவி யார் யார் கையில் இருக்கிறது என்று கணக்கு வைத்தால் போதும்.

முதலில், வேகக் குறைவு திருட்டுக்குச் சாட்சி ஆகாது. பழைய கருவிகள் இன்றும் பயன்படுத்தும் 2.4 கிகாஹேர்ட்ஸ் அலைவரிசையில் ஐரோப்பாவில் 13 தடங்கள் உண்டு. ஆனால் அவை ஒன்றன்மேல் ஒன்று படிந்தவை. ஒன்றோடொன்று மோதாமல் ஒரே நேரத்தில் இயங்க வழக்கமாகப் பயன்படுபவை 1, 6, 11 ஆகிய மூன்று தடங்கள்தான். பதினைந்து வீடுகளின் வைஃபை இந்த மூன்று தடங்களைப் பங்குபோடும்போது, ஒருவர் பேசி முடிக்கும்வரை மற்றவர் காத்திருக்க வேண்டும். மைக்ரோவேவ் அடுப்பும் இதே அலைவரிசையில் இரைச்சல் போடும். எவரும் எதையும் திருடாமலே மாலை ஏழு மணிக்கு இணையம் திணறுவதற்கு இவ்வளவு போதும். சோதிப்பது எளிது. கணினியை ரூட்டரில் கம்பியால் இணைத்து வேகத்தை அளந்து பாருங்கள். கம்பியில் முழு வேகம் வந்து, வைஃபையில் மட்டும் குறைந்தால் கோளாறு பெரும்பாலும் காற்றில்தான் இருக்கிறது. 5 கிகாஹேர்ட்ஸ் அலைவரிசைக்கு மாறுவதும் ரூட்டரை அலுமாரிக்குள்ளிருந்து வெளியே எடுத்து வைப்பதும் அதற்கு மருந்து.

இரண்டாவது சாட்சியாகப் பலரும் நம்புவது ரூட்டரின் பட்டியல். சுவிஸ்கொம் நிறுவனத்தின் இன்டர்நெட் பொக்ஸ் ஆனாலும், இங்கே பலர் வாங்கும் ஃபிரிட்ஸ்பொக்ஸ் ஆனாலும், அதன் நிர்வாகப் பக்கத்தைத் திறந்தால் இணைந்திருக்கும் கருவிகளின் பெயர்கள் வரும். பார்க்க வேண்டிய பட்டியல்தான். ஆனால் அதை வாசிக்கத் தெரியாவிட்டால் வீண் பயமே மிஞ்சும். ஒரு சாதாரண குடும்பத்தில் தொலைபேசிகள், மடிக்கணினிகள், தொலைக்காட்சி, அச்சுப்பொறி, பிள்ளைகளின் விளையாட்டுக் கருவி, தூசு உறிஞ்சும் இயந்திரம், மின்குமிழ் என்று சேர்த்தால் இருபதை எட்டுவது கடினமல்ல. அந்த மின்குமிழ் தன் பெயரைச் சொல்லாது. உள்ளே இருக்கும் சில்லு செய்த சீன நிறுவனத்தின் பெயரில், புரியாத எழுத்துகளோடு வந்து நிற்கும். அதைக் கண்டு கலங்கியவர்கள் துரத்தப் புறப்படுவது தங்கள் விளக்கைத்தான்.

ஒவ்வொரு கருவிக்கும் மேக் முகவரி என்று 12 இலக்கக் குறியீடு ஒன்று உண்டு. அதன் முதல் ஆறு இலக்கங்கள் தயாரித்த நிறுவனத்தைக் காட்டும் என்பது பழைய கணக்கு. 2019இல் வெளிவந்த ஆண்ட்ராய்டு 10, 2020இல் வெளிவந்த ஐஓஎஸ் 14 ஆகியவற்றிலிருந்து தொலைபேசிகள் தம்முடைய உண்மை முகவரியை மறைத்து, வைஃபைக்கு ஒன்றாகக் கற்பனை முகவரி காட்டப் பழகிவிட்டன. கடைகளும் விமான நிலையங்களும் நம் நடமாட்டத்தைப் பின்தொடரக் கூடாது என்பதற்காக வந்த நல்ல ஏற்பாடு இது. முகவரியின் இரண்டாவது இலக்கம் 2, 6, ஏ, ஈ ஆகியவற்றில் ஒன்றாக இருந்தால் அது கற்பனை முகவரி. எனவே பட்டியலில் பெயரும் நிறுவனமும் இல்லாமல் நிற்பது பெரும்பாலும் உங்கள் மகளின் தொலைபேசியாக இருக்கும்.

ரூட்டரில் ஒரு கருவியைத் தேர்ந்து தடுக்கும் வசதி ஏன் பலன் தருவதில்லை என்பதற்கும் இதுவே விடை. அந்தத் தடை மேக் முகவரியைத்தான் பார்க்கிறது. தடுக்கப்பட்டவர் தன் தொலைபேசியில் ஒரு பொத்தானைத் தட்டி முகவரியை மாற்றிக்கொண்டு அடுத்த நிமிடமே புது ஆளாக உள்ளே வரலாம். கடவுச்சொல் இன்னும் அவரிடம் இருக்கிறதே. சரி, எங்கள் கருவிகளை மட்டும் அனுமதிக்கும் பட்டியல் வைக்கிறோம் என்றால், அதுவும் உறுதியான வேலி அல்ல. வைஃபை பேச்சு மறைகுறியாக்கப்பட்டாலும் மேக் முகவரி மட்டும் திறந்தபடியேதான் காற்றில் போகிறது. காது வைத்துக் கேட்பவர் அதைப் பிரதி எடுத்துவிடுவார். வைஃபையின் பெயரை மறைத்து வைப்பதிலும் லாபம் இல்லை. உங்கள் தொலைபேசியே போகுமிடமெல்லாம் அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டு திரியும்.

சுவிஸில் வீடு வாடகைக்கு எடுத்தவர்களுக்கு வீடு கையளிக்கும் நாள் தெரியும். சாவிகள் ஒவ்வொன்றாக எண்ணப்படும். ஒன்று குறைந்தால், தொலைந்த சாவி யார் கையில் கிடைத்திருக்கும் என்று நிர்வாகம் ஆராயாது. பூட்டின் உருளையையே மாற்றிவிட்டுச் செலவைக் குடியிருந்தவரிடம் கேட்கும். வைஃபைக்குப் பொருந்தும் நியாயமும் இதுதான். ஆனால் வீட்டுச் சாவியில் இவ்வளவு கணக்கான ஊரில், கடவுச்சொல் எத்தனை கையில் இருக்கிறது என்று எவரும் எண்ணுவதில்லை. பிறந்தநாளுக்கு வந்த உறவினர், பிள்ளையின் வகுப்புத் தோழன், கோடையில் கனடாவிலிருந்து வந்து தங்கியவர், கூட்டுக் குடியிருப்பிலிருந்து அறையைக் காலி செய்து போனவர் என்று எல்லோரிடமும் அது இருக்கிறது. அதோடு, இணைந்த தொலைபேசி எதுவும் க்யூஆர் படமாக அதை அடுத்தவருக்குக் காட்டிவிடும். ஆக, அனுமதியற்றவர் என்று நாம் தேடும் ஆள் பெரும்பாலும் நாமே ஒருநாள் அனுமதித்தவராகவோ, அவரிடமிருந்து வாங்கியவராகவோ இருப்பார்.

எவரிடமும் கேட்காமல் உள்ளே வருவதற்கும் வழிகள் உண்டு. வைஃபையோடு கூடப் பிறந்த வெப் என்னும் பூட்டை 2001இல் ஃப்ளூரர், மான்டின், ஷமீர் ஆகிய மூன்று மறைகுறியீட்டு ஆய்வாளர்கள் உடைத்துக் காட்டினார்கள். பின்னர் வந்த டபிள்யூபிஏ2 பூட்டு உறுதியானது. ஆனால் இணையும் கணத்தில் பறக்கும் சில செய்திகளைப் பிடித்துக்கொண்டு போய், வீட்டில் இருந்தபடி கடவுச்சொல்லை ஊகித்துப் பார்க்க அது இடம் தருகிறது. நல்ல கிராஃபிக்ஸ் அட்டை ஒன்று நொடிக்குப் பத்து இலட்சம் ஊகங்களுக்கு மேல் சோதிக்கும். கைத்தொலைபேசி எண்ணைக் கடவுச்சொல்லாக வைப்பவர்கள் நம்மிடையே அதிகம். சுவிஸ் கைத்தொலைபேசி எண்கள் 075 முதல் 079 வரையான ஐந்து தொடக்கங்களில் ஒன்றோடு மேலும் ஏழு இலக்கங்கள் கொண்டவை. மொத்தம் ஐந்து கோடி எண்கள்தான். ஒரு நிமிடத்துக்குள் எல்லாவற்றையும் சோதித்துவிடலாம். தொடர்பில்லாத ஐந்தாறு சொற்களைச் சேர்த்த நீண்ட தொடருக்கு இந்த வித்தை பலிக்காது. 2018இல் வந்த டபிள்யூபிஏ3, வீட்டுக்குக் கொண்டுபோய் ஊகிக்கும் வழியையே அடைத்துவிட்டது. இன்னொரு ஓட்டை, கடவுச்சொல்லுக்குப் பதிலாக ஒரு எண்ணைக் கொடுத்து இணைய விடும் டபிள்யூபிஎஸ் வசதி. அந்த எட்டு இலக்க எண்ணை ரூட்டர் இரண்டு பாதியாகச் சரிபார்ப்பதால் 11,000 முயற்சிகளே போதும் என்பது 2011 டிசம்பரில் வெளியானது. இந்த எண் முறையை நிறுத்தி வைப்பதே நல்லது.

இனி வேலை வரிசைக்கு வருவோம். முதலில் ரூட்டரின் மென்பொருளைப் புதுப்பியுங்கள். பிறகு நிர்வாகப் பக்கத்தின் கடவுச்சொல்லை மாற்றுங்கள். அது வைஃபை கடவுச்சொல்லிலிருந்து வேறானது. உள்ளே இருந்தவர் அதைப் பார்த்திருந்தால் மற்ற மாற்றங்கள் எல்லாம் வீண். டபிள்யூபிஎஸ் எண் முறையை நிறுத்தி, டபிள்யூபிஏ3யைத் தேர்ந்தெடுங்கள். பழைய கருவிகள் இருந்தால் டபிள்யூபிஏ2, 3 கலந்த முறை போதும். கடைசியில் வைஃபை கடவுச்சொல்லை மாற்றுங்கள். அந்தக் கணமே எல்லோரும் வெளியே நிற்பார்கள், நீங்கள் உட்பட. அதன்பின் உங்கள் கருவிகளை ஒவ்வொன்றாகக் கையில் எடுத்து உள்ளே சேர்த்து, ரூட்டர் பட்டியலில் அதற்கு ஒரு பெயர் எழுதுங்கள். புரியாத இருபது பெயர்களுக்குள் ஒரு கள்வனைத் தேடும் புதிர் இப்போது தலைகீழாகிவிட்டது. உள்ளே இருப்பது ஒவ்வொன்றும் நீங்கள் சேர்த்தது. அதற்குப் பிறகும் ஒரு அந்நியப் பெயர் தோன்றினால் அது உண்மையான தடயம். வீட்டிலுள்ள ஒருவர் சாவியைப் பகிர்ந்திருக்கிறார், அல்லது உங்கள் கருவி ஒன்று கெட்டிருக்கிறது. தேடுவதற்கு அப்போதுதான் பொருள் உண்டு.

இவ்வளவு சிரமம் எதற்கு, அளவில்லா இணையம்தானே, கொஞ்சம் எடுத்துக்கொண்டு போகட்டுமே என்பது நியாயமான கேள்வி. கணினிப் பாதுகாப்பில் உலகறிந்த புரூஸ் ஷ்னையரே 2008இல் தன் வீட்டு வைஃபையைத் திறந்து வைத்திருப்பதாக எழுதி, அதை விருந்தோம்பல் என்று நியாயப்படுத்தினார். ஆனால் அதே ஆண்டு இந்தியாவில் நடந்ததையும் பார்க்க வேண்டும். 2008 ஜூலை 26 அன்று அகமதாபாத் குண்டுவெடிப்புகளுக்குச் சற்று முன் ஊடகங்களுக்கு வந்த மின்னஞ்சலின் தடயம் நவி மும்பையில் ஒரு அமெரிக்கரின் குடியிருப்பில் போய் முடிந்தது. பூட்டில்லாத அவருடைய வைஃபையை வேறொருவர் பயன்படுத்தியிருந்தார். விசாரணைக்கு முதலில் முகம் கொடுக்க வேண்டியிருந்தது அவர்தான். மறு ஆண்டு தொடக்கத்தில் மும்பைப் பொலிஸார் பூட்டில்லாத வைஃபைகளைத் தேடித் தெருவில் இறங்கினார்கள். ஷ்னையருக்குத் தன் கணினிகளைக் காக்கத் தெரியும். நம் வீட்டு அச்சுப்பொறியும் மலிவான கண்காணிப்புக் கமராவும் அப்படியல்ல. ஒருவரை வைஃபைக்குள் விடும்போது இணையத்தை மட்டுமல்ல, இந்தக் கருவிகள் குடியிருக்கும் அறையையும் திறந்து விடுகிறோம்.

இது சுவிஸ், இங்கே சட்டம் பாதுகாக்கும் என்பது அடுத்த மறுப்பு. ஜேர்மனியில் 2010 மே 12 அன்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம், விடுமுறையில் இருந்த ஒருவரின் வைஃபை வழியே பாட்டு பகிரப்பட்ட வழக்கில், ரூட்டரின் ஆரம்பக் கடவுச்சொல்லை மாற்றாத அவருக்கும் பொறுப்பு உண்டு என்றது. அந்தச் சட்டநிலை 2017இல் தளர்ந்துவிட்டது. சுவிஸில் பதிப்புரிமைக்காரர்களின் அபராதக் கடித வியாபாரம் வேரூன்றவில்லை என்பதும் உண்மை. பாட்டு, படம் பகிர்வோரின் இணைய முகவரிகளைத் திரட்டிவந்த லொஜிஸ்டெப் நிறுவனத்தின் வழக்கில், அப்படித் திரட்டுவது சட்டவிரோதம் என்று 2010 செப்டம்பரில் கூட்டாட்சி நீதிமன்றம் தந்த தீர்ப்பு அதற்கு முக்கிய காரணம். ஆனால் 2020 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த திருத்தம், குற்ற முறைப்பாடு கொடுப்பதற்காக இணைய முகவரிகளைத் திரட்ட உரிமையாளர்களுக்கு இடம் தந்தது. இணைய நிறுவனங்கள் தொடர்புத் தரவை ஆறு மாதம் வைத்திருக்கின்றன. அந்தத் தரவு காட்டும் பெயர் ஒப்பந்தக்காரருடையது. அதனால் மட்டும் அவர் குற்றவாளி ஆகிவிடமாட்டார், ஆனால் கதவு தட்டப்படுவது அவருடையதுதான்.

சுவிஸ் குற்றவியல் சட்டத்தின் 143பிஸ் பிரிவு, பிறருடைய கணினி அமைப்புக்குள் அனுமதியின்றிப் புகுவோருக்கு மூன்று ஆண்டு வரை சிறையோ பணத் தண்டனையோ விதிக்கிறது. அதில் இரண்டு நிபந்தனைகள் உண்டு. பாதிக்கப்பட்டவர் முறைப்பாடு கொடுக்க வேண்டும். புகுந்த அமைப்பு, புகுந்தவருக்கு எதிராகச் சிறப்பாகப் பாதுகாக்கப்பட்டதாக இருக்க வேண்டும். பூட்டாத வீட்டுக்கு இந்தப் பிரிவு துணை நிற்காது என்பதே இதன் பொருள். உண்மையான ஊடுருவல் என்று தெரிந்தால் பட்டியலைப் படம் பிடித்து, தேதி நேரத்தோடு குறித்து வைத்துக்கொண்டு பொலிஸாரிடம் போகலாம். செய்தவர் யார் என்று தெரிந்த நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் முறைப்பாடு கொடுக்க வேண்டும். மேல்வீட்டுக்காரர் என்ற ஊகத்தோடு படியேறிப் போய்ச் சண்டை பிடிப்பது மட்டும் வேண்டாம். பட்டியலில் நிற்கும் ஒரு பெயர் ஆளை நிரூபிக்காது.

கடைசி மறுப்புதான் நமக்கு மிகவும் நெருக்கமானது. வீட்டுக்கு வந்தவர் கேட்டால் எப்படி இல்லையென்பது? இல்லையென்று சொல்லத் தேவையில்லை. இன்றைய ரூட்டர்கள் பெரும்பாலானவற்றில் விருந்தினருக்கென்று தனி வைஃபை உண்டு. அதில் இணைந்தவருக்கு இணையம் கிடைக்கும், உங்கள் அச்சுப்பொறியும் கோப்புகளும் தெரியாது. அதன் கடவுச்சொல்லைக் காகிதத்தில் எழுதிச் சுவரில் ஒட்டலாம். அவர்கள் போனதும் நிறுத்தலாம், மாதம் ஒருமுறை மாற்றலாம்.  இந்த வார இறுதியில் ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். விருந்தினர் வைஃபையைத் திறந்து, வீட்டு வைஃபையின் சாவியை மாற்றுங்கள். புதுச் சாவியை வீட்டில் வசிப்பவர்களைத் தவிர வேறு எவருக்கும் கொடுக்காதீர்கள்.