வலியின் வழி – 9: விழித்திருக்கும் நோயாளி

போன கிழமை ஆளையே தூங்கவைக்கும் மருந்துகளைப் பார்த்தோம். இந்தக் கிழமை, நோகிற இடத்தை மட்டும் விறைக்கவைக்கும் வைத்தியம்.

வெள்ளவத்தையில் ரயிலேறி மருதானையில் இறங்கி, டீன்ஸ் வீதியால் நடந்தால் கண் ஆஸ்பத்திரி வரும். அங்கே வெண்புரை எடுத்துவந்த முதியவர் ஒருவர் உங்கள் குடும்பத்திலும் இருப்பார். "டொக்டர் கதைச்சதெல்லாம் கேட்டது, நோகவேயில்லை" என்று அவர் சொல்லியிருப்பார். இந்த வைத்தியம் தொடங்கியதும் கண்ணில்தான். 1884இல் வியன்னாவில் கார்ல் கொல்லர் என்ற இளம் வைத்தியர், கொக்கெயின் கரைசலை விட்டால் கண் விறைக்கிறது என்று கண்டார். 1898இல் ஜெர்மனியின் கீல் நகரில் ஓகுஸ்ட் பியர் அதே மருந்தை முள்ளந்தண்டுக்குள் செலுத்திச் சத்திரசிகிச்சை செய்தார். தன்மேலும் சோதிக்கப் போய், தண்டுவட நீர் வடிந்து, தலையிடியோடு நாட்கணக்காகப் படுத்தார். கொக்கெயினைவிட நச்சுக் குறைந்த, அடிமைப்படுத்தாத லிக்னொகெயினை 1943இல் சுவீடனில் நீல்ஸ் லோஃப்கிரென் உருவாக்கினார். பல் டொக்டர் இன்று போடும் விறைப்பு ஊசியில் பெரும்பாலும் அதுதான் இருக்கிறது.

சிசேரியனுக்கு முதுகில் ஊசி என்றதும் எங்கள் வீடுகளில் ஒரு பயம் எழும்: "பிறகு ஆயுசுக்கும் நாரி நோகும்." பிள்ளை பெற்ற பிறகு நாரி நோவு பலருக்கு வருகிறது, அந்த ஊசி போடாதவர்களுக்கும் வருகிறது. நீண்டகால நோவுக்கு ஊசிதான் காரணம் என்று ஆய்வுகள் காட்டவில்லை. சிலருக்குத் தலையிடி வருவது உண்மை. மெல்லிய, பென்சில் முனை போன்ற ஊசிகள் வந்தபின் அதுவும் வெகுவாகக் குறைந்துவிட்டது.

பெரிய மாற்றம் ஸ்கான் இயந்திரத்தால் வந்தது. முன்பெல்லாம் எலும்பையும் நாடித்துடிப்பையும் தடவிப் பார்த்து, நரம்பு இங்கேதான் இருக்கும் என்று கணித்துக் குத்துவார்கள். நோயாளி "கரண்ட் அடிக்குது" என்று சொன்னால் இடம் சரி. 1994இல், கொல்லரின் அதே வியன்னாவில், காறையெலும்புக்கு மேலுள்ள நரம்புக்கட்டை அல்ட்ராசவுண்டில் பார்த்தபடி விறைக்கவைத்தார்கள். இன்று ஊசிமுனை போகும் வழியும் மருந்து பரவுவதும் திரையில் தெரிகின்றன. கைமுறிவுக்கு முழு மயக்கம் இல்லாமலே ஒப்பரேஷன் செய்யலாம்.

ஆனால் என்னைக் கேட்டால், இந்த ஊசி மிகவும் தேவைப்படுவது குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்த அம்மம்மாவுக்குத்தான். எக்ஸ்ரேக்குத் தூக்கிக் கிடத்தும்போதே அவர் துடித்துப்போவார். டைக்ளோபெனாக் கொடுத்தால் சிறுநீரகத்துக்கு ஆபத்து. மோர்பின் கூடினால் மூச்சு மந்தமாகும், மலம் இறுகும், புத்தி தடுமாறும். தொடை தொடங்கும் இடத்தில், தசையுறைக்குக் கீழே விறைப்பு மருந்தைப் பரவவிட்டால் அரைமணி நேரத்துக்குள் நோவு வெகுவாகத் தணியும், முதியவர்களுக்கு வரும் புத்தித் தடுமாற்றமும் குறையும். பல ஆய்வுகளைத் தொகுத்து 2020இல் வெளிவந்த கொக்ரேன் மீளாய்வு இதை உறுதிசெய்தது. மிகைப்படுத்தவும் கூடாது: இடுப்பு ஒப்பரேஷனை முழு மயக்கத்தில் செய்தாலும் முதுகு ஊசியில் செய்தாலும், அறுபது நாட்களுக்குப் பிறகு நடக்கும் திறனிலும் உயிர்தப்புவதிலும் பெரிய வித்தியாசமில்லை என்று 2021இல் அமெரிக்காவிலும் கனடாவிலும் நடந்த பெரிய ஆய்வு காட்டியது. நான் கேட்பது ஒப்பரேஷனுக்கு முந்திய மணித்தியாலங்களின் நிம்மதி. இந்த ஊசியைத் தியேட்டர் வரை தள்ளிப்போடக்கூடாது. ஆஸ்பத்திரிக்கு வந்தவுடனேயே போட வேண்டும்.

ஆபத்தே இல்லையா? மருந்து தவறி இரத்தக்குழாய்க்குள் போனால் வலிப்பு வரலாம், இதயம் நிற்கலாம். அதற்கும் மாற்று இருக்கிறது: சோயா எண்ணெயில் செய்த கொழுப்புக் கரைசலை இரத்தக்குழாய்வழி ஏற்றுவது. 1998இல் எலிகளில் கண்ட இம்முறையால் 2006இல் நியூயோர்க்கில் ஒரு நோயாளியின் நின்ற இதயம் மீண்டும் துடித்தது. விறைப்பு ஊசி போடும் அறையில் இந்தக் கரைசல் கைக்கெட்டிய தூரத்தில் இருக்க வேண்டும்.

ஒப்பரேஷனுக்கு முன் மயக்கமருந்து டொக்டர் உங்களைப் பார்க்க வருவார். விறைப்பு ஊசி எனக்குச் சரிவருமா என்று கூச்சப்படாமல் கேளுங்கள். இரத்தம் உறையாமலிருக்க வோபரினோ குளோபிடோகிரெல்லோ குடிப்பவர் அதைக் கட்டாயம் சொல்லுங்கள்; முதுகு ஊசியைத் தவிர்க்க அதுவே காரணமாகலாம். விறைப்பு விட்டபின் நோவு திடீரென்று ஏறும். ஆகவே விறைப்பு இருக்கும்போதே தாதியிடம் கேட்டு, டொக்டர் எழுதிய வலிமாத்திரையை எடுத்துவிடுங்கள்.