128-ஆம் நம்பருக்கு ஏன் பணம் போகவில்லை?

இன்னைக்கு விர்ச்சுவல் மெஷின் பத்திப் பேசப்போறோம். கிளவுடில் வாடகைக்கு எடுக்கிற மெஷின் இல்லை. ஜாவா, சி ஷார்ப் மாதிரி மொழிகளில் எழுதின புரோகிராமை உள்ளே உட்கார்ந்து ஓட்டுகிற மெஷின். அதுக்கு முன்னாடி ஒரு கதை. நான் மாட்டிக்கிட்ட கதை.

அப்போ ஒரு சின்ன டெலிவரி கம்பெனியில் ஜாவா எழுதிக்கொண்டிருந்தேன். மழை நாளில் ஓட்டுகிறவர்களுக்குத் தனி இன்சென்டிவ் உண்டு. அதைக் கணக்குப் போடுகிற கோட் என்னுடையது. புது ஊரில் கிளை திறந்தார்கள், அங்கே ரைடர் நம்பர் 1-லிருந்து ஆரம்பித்தது. இரண்டு மாதம் ஒரு பிரச்சினையும் இல்லை. ஒருநாள் சப்போர்ட்டில் இருந்தவர்கள் ஒரு போன் காலை என்னிடம் தள்ளிவிட்டார்கள்.

"தம்பி, ஒம்பது ஆர்டர் மழையில நனைஞ்சு ஓட்டியிருக்கேன். ஆப்புல ஜீரோ காட்டுது. எனக்கு முன்னாடி சேர்ந்த பையனுக்கு மட்டும் எப்படி வந்துச்சு?"

அவர் நம்பர் 131. டேட்டாபேஸில் பார்த்தேன், ஒன்பது டிரிப்பும் இருக்கிறது. என் லேப்டாப்பில் 5-ஆம் நம்பரை வைத்து ஓட்டினேன், சரியாக வந்தது. 131 போட்டேன், ஜீரோ. 127-க்குப் பணம் போகுது, 128-க்குப் போகலை. அதுக்கு மேலே ஒருத்தருக்கும் போகலை. டெஸ்ட் எழுதினப்போ நான் வைத்திருந்தது மொத்தம் இருபதே ரைடர்.

தப்பு ஒரே வரியில். டிரிப்பில் இருக்கிற ரைடர் நம்பரும் லிஸ்டில் இருக்கிற ரைடர் நம்பரும் ஒண்ணா என்று பார்க்க டபுள் ஈக்வல்ஸ் போட்டிருந்தேன். இரண்டுமே பெரிய 'ஐ' போட்ட இன்டிஜர். சின்ன எழுத்து இன்ட் இல்லை.

என்ன வித்தியாசம்? உங்க நண்பனிடம் நூறு ரூபாய் கடன் வாங்குறீங்க. நாளைக்கு வேற ஒரு நூறு ரூபாய் நோட்டைத் திருப்பித் தர்றீங்க. அவன் கேள்வி கேட்க மாட்டான். ஆனா அவன் பைக்கை வாங்கிட்டுப் போய், அதே மாடல், அதே கலர்ல வேற ஒரு பைக்கை நிறுத்தினா சும்மா விடுவானா? நூறு ரூபாய் ஒரு மதிப்பு. பைக்குக்கு அடையாளம் இருக்கு, இது *அந்த* பைக். மெஷினுக்குள்ளேயும் இதுதான் பிரிவு: முன்னது வேல்யூ, பின்னது ரெஃபரன்ஸ் ஆப்ஜெக்ட். இன்ட்டை இன்னொரு வேரியபிளுக்குக் கொடுத்தால் எண்ணே நகலாகிறது. ஆப்ஜெக்டைக் கொடுத்தால் அது இருக்கிற இடத்தின் விலாசம் மட்டும் நகலாகிறது. பைக் ஒன்று, சாவி இரண்டு.

ஜாவா மெஷினில் இன்ட், லாங், பூலியன் என்று எட்டே வகைதான் வேல்யூ. மற்ற எல்லாம் பைக். லிஸ்டுக்குள் இன்ட்டை நேரடியாகப் போட முடியாது, ஒரு பெட்டிக்குள் வைத்துத்தான் போட வேண்டும். அந்தப் பெட்டிதான் இன்டிஜர். 2004-ல் வந்த ஜாவா 5 முதல் இந்தப் பெட்டி கட்டுகிற வேலையை கம்பைலரே சத்தமில்லாமல் செய்துவிடுகிறது. அதனால பெட்டி இருக்கிறதே நமக்கு மறந்துபோகுது.

பெட்டிகளுக்கு நடுவில் டபுள் ஈக்வல்ஸ் போட்டால் மெஷின் தொகையைப் பார்க்காது. நோட்டின் சீரியல் நம்பரைப் பார்க்கும்! அப்புறம் எப்படி 127 வரைக்கும் வேலை செய்தது? அடிக்கடி வருகிற சின்ன எண்களுக்கு, அதாவது -128 முதல் 127 வரை, ஜாவா முன்கூட்டியே பெட்டி கட்டி வைத்திருக்கிறது. யார் 5 கேட்டாலும் அதே பெட்டிதான், சீரியல் நம்பர் ஒத்துப்போகும். 128 கேட்டால் சாதாரணமாக ஒவ்வொரு தடவையும் புதுப் பெட்டி. பைத்தானிலும் இப்படி ஒன்று உண்டு: வழக்கமான சி-பைத்தானில் -5 முதல் 256 வரை. 'இஸ்' போட்டு எண்களை ஒப்பிடுகிற ஆளா இருந்தா இப்பவே போய்ப் பாருங்க.

இங்கே ஒரு இன்டர்வியூ பதிலைக் கொஞ்சம் திருத்தணும். "வேல்யூ ஸ்டாக்கில் இருக்கும், ரெஃபரன்ஸ் ஆப்ஜெக்ட் ஹீப்பில் இருக்கும்" என்று மனப்பாடம் பண்ணியிருப்போம். முழு உண்மை இல்லை. ஒரு ஆப்ஜெக்டுக்குள் இருக்கிற இன்ட் அந்த ஆப்ஜெக்டோடு சேர்ந்து ஹீப்பில்தான் இருக்கும். மறுபக்கம், ஒரு ஆப்ஜெக்ட் அந்த மெத்தடை விட்டு வெளியே போகாது என்று ஜிட் கம்பைலருக்கு உறுதியானால், ஆப்ஜெக்டையே உருவாக்காமல் உள்ளிருப்பதை ரெஜிஸ்டரில் வைத்து முடித்துவிடலாம். எங்கே இருக்கு என்பது மெஷின் பாடு. அடையாளம் உண்டா இல்லையா என்பதுதான் நம்ம கேள்வி.

அந்த அடையாளத்துக்கு விலை உண்டு. ஆப்ஜெக்ட் என்றால் அதை யாரோ லாக் பண்ணலாம், ஹேஷ்கோட் கேட்கலாம், கார்பேஜ் கலெக்டர் அதன் வயதைக் குறிக்கணும், அது எந்த கிளாஸ் என்று தெரியணும். இதுக்கெல்லாம் ஒரு ஹெடர். 64-பிட் ஹாட்ஸ்பாட் மெஷினின் வழக்கமான செட்டிங்கில் 12 பைட் ஹெடர், 4 பைட் எண். ஆக ஒரு இன்டிஜர் 16 பைட். பத்து லட்சம் எண்களை இன்ட் அரேயில் வைத்தால் 4 எம்பி. தனித்தனி இன்டிஜராக வைத்தால் பெட்டிகளுக்கு 16, விலாசங்களுக்கு 4, மொத்தம் 20 எம்பி. அதோடு போச்சா? ப்ராசஸர் மெமரியை பெரும்பாலும் 64 பைட் துண்டாகத்தான் இழுக்கும். இன்ட் அரேயில் ஒரு இழுப்புக்குப் பதினாறு எண் வந்துவிடும். பெட்டி என்றால் ஒவ்வொரு விலாசமாகத் தேடிப் போகணும்.

சி ஷார்ப் ஓடுகிற மெஷினில் 2002-ல் வந்த முதல் பதிப்பிலிருந்தே ஸ்ட்ரக்ட் உண்டு. நாமே வேல்யூ வகை உருவாக்கலாம், அரேயில் போட்டால் பெட்டி இல்லாமல் வரிசையாக உட்காரும். 2005-ல் ஜெனரிக்ஸ் வந்தபோது இன்ட் லிஸ்டுக்குள்ளும் இன்ட் இன்ட்டாகவே இருந்தது. இந்த ஒரு விஷயத்தில் அவங்க கெட்டிக்காரங்கன்னு நான் ஒத்துக்குவேன். ஆனா அங்கேயும் குழி இருக்கு: ஒரு ஸ்ட்ரக்ட்டை எடுத்து மாற்றுவோம், மாறினது நகல், மூலம் அப்படியே இருக்கும். அதனால ஸ்ட்ரக்ட்டை மாற்ற முடியாததாகவே எழுதச் சொல்லுவாங்க.

ஜாவாக்காரர்கள் 2014-ல் வல்ஹல்லா என்ற திட்டத்தைத் தொடங்கினார்கள். அடையாளமே இல்லாத கிளாஸ்களைக் கொண்டுவருவது அதன் மையம். அப்படிப்பட்ட ஒன்றை லாக் பண்ண முடியாது. டபுள் ஈக்வல்ஸ் போட்டால் உள்ளே இருக்கிற மதிப்பைத்தான் ஒப்பிடும். இன்டிஜரும் அந்தப் பட்டியலில் இருக்கு. 2021-ல் வந்த ஜாவா 16-லேயே இன்டிஜர் மேல லாக் போட்டா எச்சரிக்கை வரும். பழைய கோட் யாராவது அடையாளத்தை நம்பியிருந்தால் முதலில் அதை விலக்கணுமே. இத்தனை வருஷம் இழுத்ததுக்கு அதுவும் ஒரு காரணம்.

நான் அன்றைக்கு டபுள் ஈக்வல்ஸை எடுத்துவிட்டு ஈக்வல்ஸ் மெத்தடைப் போட்டேன். சத்தியமா சொல்றேன், அந்த வரிக்குக் கீழே எடிட்டர் ஆரம்பத்திலிருந்தே மஞ்சள் கோடு போட்டுத்தான் வைத்திருந்தது. பழைய கணக்கை எல்லாம் திரும்ப ஓட்டி, விட்டுப்போனதை அடுத்த வாரம் பாக்கியாகச் சேர்த்து அனுப்பினோம். 131-ஐ நானே போனில் கூப்பிட்டேன். "அண்ணே, பணம் வந்துச்சா?" பின்னாடி ஹாரன் சத்தம்.

"வந்துடுச்சு தம்பி, வண்டியில இருக்கேன்" என்று வைத்துவிட்டார்.