கூத்தில் கட்டியக்காரன்

நாடகம் கண்டு மீள்வோர் தலைமை மாந்தரைப் பற்றியே நெடுநேரம் உரையாடுவர். அருச்சுனன் தவமும், கன்னன் கொடையும், துரியோதனன் செருக்கும் அவர்தம் நாவில் நிலவும். இடையிடையே தோன்றி நகைப்பூட்டிச் சென்றவனையோ, விருந்துண்டபின் மெல்லும் வெற்றிலையைப் போல் எண்ணி மறந்துவிடுவர். இங்ஙனம் மறக்கப்படுவோருள் தலையாயவன் நம் தெருக்கூத்தின் கட்டியக்காரன். கூத்தின் உயிர்நிலையே அவன்பால் அமைந்துள்ளது என்பதை இக்கட்டுரையில் எடுத்துக்காட்ட விழைகின்றோம்.

செஞ்சியைச் சூழ்ந்த நிலப்பகுதி கூத்து செழித்த பகுதி. ஆங்குள்ள சிங்கவரத்துக் குன்றில், பல்லவர் காலக் குடைவரையில் அரங்கநாதர் பள்ளிகொண்டிருப்பதைப் பலரும் அறிவர். 1714-ஆம் ஆண்டில் போரில் மாண்ட தேசிங்கு அரசன் கதையோடு அவ்வூர் பிணைந்திருப்பதும் பலர் கேட்டதே. ஆனால் அக்குன்றைச் சூழ்ந்த சிற்றூர்களில் திரௌபதியம்மன் வழிபாடு வேரூன்றியிருப்பதைச் சேய்மையிலுள்ளார் அத்துணை அறியார். பழஞ்செஞ்சியாகிய மேலச்சேரிக் கோயிலை அவ்வழிபாட்டின் மூலத்தலமாகக் கொள்ளும் மரபும் உண்டு. இவ்வழிபாட்டை ஆராய்ந்த ஆல்பு ஹில்டபைட்டல் என்னும் அமெரிக்க அறிஞர், 1988-இல் வெளிவந்த தம் நூலின் தலைப்பிலேயே செஞ்சியையும் குருச்சேத்திரத்தையும் இணைத்தமை ஈண்டு நினைக்கத்தக்கது. அம்மன் திருவிழாவில் பகற்பொழுதில் பாரதப் பிரசங்கமும், இரவில் விடியுமட்டும் கூத்தும் நிகழும். இறுதியில் படுகளமும் தீமிதியும் நடைபெறும். இத்தகைய இரவுகளில்தான் நம் கட்டியக்காரன் உலவுகின்றான்.

கட்டியம் என்பது அரசர் முன்னும் தெய்வத்தின் முன்னும் உரக்கக் கூறப்பெறும் புகழ்மொழி. அதனைக் கூறுவோன் கட்டியக்காரன். ஆகவே பெயரளவில் இவன் புகழ்வதற்கென்றே அமர்த்தப்பட்ட ஏவலாள். மன்னனுக்கு மரத்தாற் செய்த முடியும் புயக்கட்டைகளும் ஒளிவீசும் கண்ணாடித் துண்டுகளும் உண்டு. இவனுக்கு எளிய உடையே உரியது. காவலனாகவும், தூதனாகவும், வேண்டியபோது வேறு சிறு வேடங்களாகவும் நிற்பவன் இவனே. தனக்கென ஒரு கதை இல்லாமையால், எக்கதையிலும் புகும் உரிமை இவனுக்கு வாய்த்துள்ளது.

இவன் செய்யும் பணிகளுள் முதலாவது வினாவுதல். இருவர் பிடித்த திரைக்குப் பின்னே வேடமணிந்தோன் நின்று பாடுகின்றான். திரை விலகியபின் கட்டியக்காரன் அவனை அணுகி, தாங்கள் யார், எந்நாட்டை ஆள்பவர், இங்கு வந்த காரணம் யாது என ஒவ்வொன்றாகக் கேட்கின்றான். ஊரார் அனைவரும் அறிந்த துரியோதனனை இவன் மட்டும் அறியானோ? அறிவான். பாயில் அமர்ந்து முதன்முறையாகக் கூத்துக் காணும் சிறுவன் கேட்க விரும்புவதை அவன் பொருட்டு இவன் கேட்கின்றான். அன்றியும், மன்னன் பாடலாகக் கூறியதை ஊர்ப்பேச்சில் மீண்டும் கூறிப் பொருள் விளக்குகின்றான். செய்யுளைப் பயில்வார்க்கு நச்சினார்க்கினியரும் பரிமேலழகரும் செய்த தொண்டினை, ஏடறியாதார் நிறைந்த அவையில் இவன் செய்துவருகின்றான். இவனைக் கூத்தின் உரையாசிரியன் எனின் மிகையாகாது.

இனி, அவன் நகையின் இயல்பினை நோக்குவோம். தொல்காப்பியர் மெய்ப்பாடு எட்டனுள் நகையை முதற்கண் வைத்து, அஃது எள்ளல், இளமை, பேதைமை, மடன் என்னும் நான்கு நிலைக்களன்களிற் பிறக்கும் என்பர். கட்டியக்காரன் வெளிப்படக் காட்டுவன பின்னைய மூன்றுமாம். சிறுவனைப் போல் குதிக்கின்றான். சொன்னதைத் திரித்துக் கேட்கின்றான். அறியாதவன் போல் விழிக்கின்றான். இவற்றைக் கண்டு நகைப்போர், இவற்றின் உள்ளே மறைந்து நிற்கும் எள்ளலை உணராமற் போவதும் உண்டு. எள்ளல் என்பது பிறரை எள்ளுதலும், பிறரால் எள்ளப்படுதலும் என இருவகைப்படும் என்பர் பேராசிரியர். தன்னைப் பிறர் எள்ளுமாறு முன்னே நிறுத்திக்கொண்டு, அம்மறைவில் நின்று வலியாரை எள்ளுவதே கட்டியக்காரனின் திறம்.

ஓர் எடுத்துக்காட்டுக் கூறுவோம். நாட்டில் மாதம் மும்மாரி பொழிகின்றதா என்று வினவுதல் கூத்து மன்னர்க்கு இயல்பு. மழை பொய்த்த ஆண்டில் கட்டியக்காரன் இதற்கு என்ன விடை பகர்வான்? மும்மாரி பொழிவதாகப் பணிவுடன் கூறி, அடுத்த மூச்சிலேயே, ஊர் ஏரியில் ஆடு மேய்கின்றது என்று உரைக்கலாம். அவையோர் சிரிப்பர். அச்சிரிப்பினுள் அவர்தம் வறட்சியும் கடனும் அடங்கியிருக்கும். நேரே சொன்னாற் குற்றமாகும் சொல், பேதையின் வாயிற் பிறந்தமையால் பிழைத்துப்போகின்றது. அத்தினாபுரி அரண்மனைக்குள் தன் ஊரை அழைத்துவந்து நிறுத்தும் ஆற்றல் வேறெந்த வேடத்துக்கும் இல்லை.

பண்டையோர் கூத்தினை வேத்தியல், பொதுவியல் என இரண்டாகப் பகுத்தனர். இவ்விரண்டற்கும் இடைப்பட்ட வாயிலில் நிற்பவன் கட்டியக்காரன். இத்தகையோன் பிறமொழி நாடகங்களிலும் உளன். வடமொழி நாடகத்து விதூடகன், தலைவன் வடமொழி பேசத் தான் பாகதம் பேசுகின்றான். கேரளத்துக் கூடியாட்டத்தில் அவனே மலையாளத்தில் விளக்கம் தருகின்றான். ஷேக்ஸ்பியரின் லியர் நாடகத்தில், முடி துறந்த மன்னனுக்கு அவன் அறியாமையை எடுத்துரைக்கத் துணிந்த ஏவலன் அரசவைக் கோமாளியே. நம் தோற்பாவைக் கூத்தின் உச்சிக்குடும்பனும் உளுவத்தலையனும் இக்குடும்பத்தினரே எனலாம்.

இப்பாத்திரத்தின் ஆழத்தை அறிய விரும்புவோர், பாரதத்துச் சூதாட்ட அவையை நினைக்க. திரௌபதியை அழைத்துவருமாறு துரியோதனன் ஒரு பணியாளனை ஏவினான். வியாசர் அவனைப் பிராதிகாமி என்பர். பாரதியாரின் பாஞ்சாலி சபதத்தில் அவன் தேர்ப்பாகன். தன்னை முன்னர் இழந்தாரா, என்னை முன்னர் இழந்தாரா எனத் திரௌபதி கேட்ட வினாவைச் சுமந்துகொண்டு அவன் அவைக்கு மீள்கின்றான். மீண்டும் அவன் ஏவப்பட்டபோது, அரசியார்க்கு யான் என்ன விடை கூறுவேன் என்று அவையோரை நோக்கிக் கேட்டதாக வியாச பாரதம் கூறுகின்றது. வீடுமரும் துரோணரும் வீற்றிருந்த அவையில், மாமன்னர் வாய்திறவாத வேளையில், கேட்கத்தக்கதைக் கேட்டவன் கூலிக்கு நின்ற ஓர் ஏவலன். அவனைக் கோழை என்று இகழ்ந்து துரியோதனன் துச்சாதனனை ஏவினான். கட்டியக்காரன் இவன் இனத்தவன். இரவெல்லாம் மன்னர்தம் பெருமையைத் திரித்துச் சிரிக்கவைத்தவன், துகிலுரியும் வேளையில் சிரிப்பொடுங்கி நிற்பானாயின், அவ்வடக்கமே அவையோர் நெஞ்சைப் பிளக்கும். முன்பு சிரித்தவரன்றோ இப்போது அழவேண்டும்!

கட்டியக்காரன் பேச்சு இழிந்தது, நாகரிகமற்றது என்பாரும் உளர். இழிந்த சொற்கள் சிற்சில இடங்களில் வருதல் உண்மையே. எனினும் களையைக் கண்டு கழனியை வெறுப்பது அறிவுடைமை ஆகாது. கற்றார் பார்வை கூத்தின்பால் திரும்பியிருப்பது மகிழ்தற்குரியது. நா. முத்துசாமி 1977-இல் கூத்துப்பட்டறையைத் தோற்றுவித்தார். 1990-இல் காஞ்சிபுரத்தில் கட்டைக்கூத்துக் கலைஞர்கள் தமக்கெனச் சங்கம் கண்டனர்.

இவ்வளவிருந்தும் ஓர் இடர் எஞ்சுகின்றது. மன்னர் பாடும் பாடல்கள் ஏட்டிலும் அச்சிலும் உள்ளன. கட்டியக்காரன் பேச்சோ பெரும்பாலும் அவ்விரவில், அவ்வூருக்கென, அவன் நாவில் பிறப்பது. விடிந்தபின் அதற்கு ஏடு இல்லை. விடியுமளவும் நிகழும் கூத்தினை மேடைக்கென ஓரிரு மணிநேரமாகச் சுருக்குங்கால், எழுதப்படாத அப்பேச்சே எளிதில் வெட்டப்படும். கைதேர்ந்த கலைஞர் ஒருவர் மறையின், அவரோடு ஒரு வட்டாரத்தின் எள்ளலும் மறைந்துபோகும். ஆதலின், விடுமுறையில் தம் ஊர் செல்லும் மாணவத் தோழர்கள் ஓரிரவேனும் கூத்துக்களத்தில் அமர்க. கிரீடம் அணிந்தோரைக் கண்ட கண்ணால் அருகில் நிற்போனையும் காண்க. அவன் மொழிந்தவற்றை, அவனது இசைவுடன், அவன் மொழிந்தவாறே எழுதிவைக்க. உரையாசிரியரைப் போற்றும் தமிழ் மாணவர்க்கு இதுவும் கடனாம்.